இரண்டாவது கியர்

பக்கவாதம் அவரிடமிருந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, போனால் போகிறதென்று ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது. அந்தச் சொல் ‘அப்புறம்’. தண்ணீர் வேண்டுமா என்றால் அப்புறம். வலிக்கிறதா என்றால் அப்புறம். டாக்டர் கண்ணுக்குள் டார்ச் அடித்து, “உங்க பேரச் சொல்லுங்க பாப்போம்” என்றபோதும் அதேதான்.

சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும் என்று பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் சொன்னாள். உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. எழுத்தும் பேச்சோடு போயிருந்தது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு கோடாக இழுத்து, அந்தக் கோட்டைப் பார்க்கப் பொறுக்காமல் தள்ளிவிடுவார். எண்கள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்து விரல் காட்டுவார்.

அவர் ஒரு சலவை ஆலைக்குப் பிக்கப் ஓட்டியவர். ஆஸ்பத்திரிகளின் பின்வாசலில் மலையாகக் குவிந்திருக்கும் படுக்கை விரிப்புகளையும் பச்சைத் துணிகளையும் மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து ஆலையில் போடுவார். துவைத்துத் தேய்த்து மடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வண்டி அவருடைய சொந்த வண்டி. அதற்கு இருமல் வந்தால் இவருக்கு ஜுரம் வந்துவிடும் என்று ஆலையில் கேலி பேசுவார்கள். டயருக்குக் காற்றடிப்பதைத் தவிர வேறு எதற்கும் வெளியாள் கையை அண்டவிடமாட்டார்.

கல்யாணமான புதிதில் மனைவிக்கு இதே மாதிரி ஒரு பிக்கப்பில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். “எனக்கு ஒண்ணுன்னா நீதானே தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடணும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. குளியலறை வாசலில் அவர் சரிந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் தாங்க, அவள்தான் அவரை முன் சீட்டில் ஏற்றி, அவர் தினமும் துணி இறக்கும் ஆஸ்பத்திரிக்கே ஓட்டிப் போனாள். வழி நெடுக அவர் தலை அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அதன் பிறகு அவர் வீடு திரும்பினார். வண்டிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஆலை மேலாளர், “யார் ஓட்டினா என்னம்மா, துணி நேரத்துக்குப் போனாச் சரி” என்று சொல்லிவிட்டார். அவள் ஓட்ட ஆரம்பித்தாள். மூட்டை ஏற்ற ஆட்கள் இருந்தார்கள். தெரு முனையில் நிற்பவர்கள், “கரண்டி பிடிச்ச கைக்கு இப்ப கியரு” என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளைக் குத்தியது வேறொரு சத்தம்.

அது இரண்டாவது கியரில் வந்தது. முதலில் லேசாகத் தொட்டது. போகப் போக, கிளட்சை முழுசாக மிதித்து எவ்வளவு பதமாகத் தள்ளினாலும் கியர் விழும்போது நறநறவென்று பல்லைக் கடித்தது. காலை நேரத்தில் கியர் கம்பி நகரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்காமல் ஏற முடியாது. அங்கே அந்தச் சத்தம் எழும்போது, மேலே ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் அவருக்கு அது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே நுழையும்போது அவர் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

‘ஆசை ஆசையா வெச்சிருந்த வண்டிய அரைச்சுத் தின்னுட்டியேன்னு சொல்றாரு’ என்று அவள் நினைத்துக்கொள்வாள். சொல்ல வாய் இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் எதைச் சொல்லிச் சமாதானம் செய்வது?

ஆலைக்கு எதிரே இருந்த மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “உள்ள வளையம் போயிருக்கும்மா. கியர் பாக்ஸ இறக்கணும். பெரிய வேல.”

அன்று மாலை கொழுந்தன் வந்திருந்தான். கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். கை நிறைய வெட்டுத் தழும்பு. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஓடி ஓடிச் செய்தவன். அண்ணியின் வாயிலிருந்து மெக்கானிக் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“நான் சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது அண்ணி. வித்துடலாம். வயசான பாக்ஸு. நீங்களும் எத்தன நாள் இந்தப் பாடு படுவீங்க? அண்ணனையும் பாத்துக்கிட்டு, மூட்டையும் தூக்கிக்கிட்டு…”

“மூட்ட நான் தூக்கல தம்பி.”

“அதுக்கில்ல அண்ணி. அண்ணன் கைபட்ட வண்டி. வேற யாரு ஓட்டினாலும் அது கேக்காது.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். வெந்த புண்ணில் அது நேராகப் போய் இறங்கியது. அவள் எழுந்து போனாள். கட்டிலில் இருந்தவர் கையை உயர்த்தினார். “அப்புறம்! அப்புறம்!” என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“பணத்தப் பத்திக் கவலப்படுறாரு” என்றான் தம்பி மெல்ல.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். பர்ஸைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டார். அடுத்த நாளும் அதே விரல், அதே தேய்ப்பு. சாப்பாட்டில் உப்பில்லையோ என்று உப்பைக் கொண்டுவந்தாள். விரலில் அரிப்போ என்று களிம்பு தடவினாள். பூச்சி கடித்ததோ என்று போர்வையை உதறினாள். களிம்பு தடவிய விரலை அவர் அப்படியே மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்து காட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரம் நனைந்திருந்தது.

அது விளங்கியது சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில். பிக்கப்பின் பின்கதவுக் கீலில் துரு ஏறியிருந்தது. ஆலைக்காரர் ஒருவர் கொடுத்த எண்ணெயைச் சொட்டிவிட்டு, கையில் பட்டதைத் துணியில் துடைக்கும் முன், அவள் தன்னை அறியாமல் இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அந்தக் கணம் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வரும் ஒரு மனிதர் அவள் கண்ணுக்குள் வந்தார். மல்லாந்தபடியே விரலைத் தேய்ப்பார், முகருவார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

வீட்டுக்கு ஓடி வந்தவள் வாசலிலிருந்தே கேட்டாள். “என்னங்க, ஆயிலா? கியர் ஆயிலப் பாக்கச் சொல்றீங்களா?”

சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது. “அப்புறம்” என்றார். பெருமூச்சோடு, அப்பாடா என்று சொல்வதுபோல.

மறுநாள் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, ஆலையின் சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தினாள். தளம் மட்டமாக இருந்தது. வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெயின் அளவு பொய் சொல்லும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்தாள். உயரமான வண்டி என்பதால் அட்டையை விரித்துப் படுத்தே அடியில் புக முடிந்தது. அவர் சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தார். இடது கையில் ஊன்றுகோல். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் தப்பு. இதைப் பேசி வைக்கக்கூட இல்லை, தானாக அமைந்தது.

அடியில் அவளுக்கு அவருடைய செருப்பும் கோலின் நுனியும் மட்டும் தெரிந்தன. இஞ்சினுக்குப் பின்னால் தொங்கிய இரும்புப் பெட்டியில் இரண்டு பிளக்குகள் இருந்தன. ஒன்று அடிவயிற்றில், ஒன்று பக்கவாட்டில் கொஞ்சம் மேலே. அவள் அடியில் இருந்ததில் ஸ்பேனரை வைத்தாள்.

டக், டக்.

“இது இல்லையா? அப்ப மேல இருக்கிறதா?”

டக்.

அவளுக்குக் காரணம் புரிந்தது. கீழே இருப்பதைத் திறந்து எல்லாம் கொட்டிப்போன பிறகு, ஊற்றுகிற வழியான மேல் பிளக் இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் வண்டி நட்டநடு வழியில் நிற்க வேண்டியதுதான். இறங்குவதற்கு முன் ஏறுகிற வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற மனிதர் அவர்.

மேல் பிளக் லேசில் அசையவில்லை. காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். ‘கிர்’ரென்று விட்டது. கையால் திருகி எடுத்தாள். ஓட்டையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றது. சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டாள், சுலபமாக நனைந்தது. அளவில் குறையில்லை.

விரலைத் துடைக்காமல் அப்படியே வெளியே வந்து அவர் முன் நீட்டினாள். அவர் அவள் விரலிலிருந்து தன் விரலுக்கு வாங்கிக்கொண்டார். தேய்த்தார். கூழ் மாதிரி கெட்டியாக இருந்தது. முகர்ந்தார், முகம் சுளித்தது. அவளும் முகர்ந்தாள். தீக்குச்சி எரிந்து அணைந்த வாடை, கூடவே அழுகின முட்டை வாடை. அவர் விரலைச் சாய்ந்து விழுந்த வெயிலில் பிடித்தார். கறுத்த எண்ணெய்க்குள் பொன்துகள் பொடிப்பொடியாக மின்னியது. பித்தளை.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோலால் எண்ணெயைக் காட்டி ஒரு தட்டு. அவளைக் காட்டி இரண்டு தட்டு. அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ என்று மறுபடியும். எண்ணெய், ஒன்று. அவள், டக், டக்.

கெடுத்தது எண்ணெய்தான், நீ இல்லை. இத்தனை நாளும் அந்த விரல் தேய்த்துத் தேய்த்துச் சொன்னது இதைத்தான். அவள் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய்க் கையோடு முகத்தைப் பொத்தக்கூட முடியாமல், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு அவர் கோலால் அவள் விரலைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். யார் இதை ஊற்றியது?

‘தெரியாதுங்க’ என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப, தம்பிதான் வண்டியக் கொண்டுபோய் எல்லா ஆயிலும் மாத்திட்டு வந்தாரு. நீங்க எழுந்து வரும்போது வண்டி ஜோரா இருக்கணும்னு.”

அவர் விரலில் இருந்த எண்ணெயை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். கோல் தரையில் படவில்லை.

டாஷ்போர்டு அறைக்குள் வண்டியோடு வந்த கையேடு இருந்தது. கியர் பாக்ஸுக்கு ‘ஜி.எல். 4’ ரக எண்ணெய் என்றும், கெட்டித்தன்மைக்கு எழுபத்தைந்து-எண்பது என்றும் போட்டிருந்தது. பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, கையேட்டை எடுத்துக்கொண்டு, அவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, அவர் வழக்கமாகப் போகும் ஆயில் கடைக்குப் போனாள். வளைவில் கியர் நறநறத்தபோது இருவரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்ததுமே இறங்கி வந்து ஜன்னலில் கையை ஊன்றினார். தடித்த மனிதர், வெள்ளந்தி. அவருக்குச் சேதி தெரியாது.

“என்ன சார், ஆளையே காணோம்! நல்லா இருக்கீங்களா?”

“அப்புறம்.”

“அப்புறம் என்ன சார், பொண்ணுக்கு வேல கெடச்சிடுச்சு. பையன்தான் ஒண்ணும் சரியில்ல, ராத்திரி பூரா போன்.”

“அப்புறம்.”

“அப்புறம் எனக்கும் இந்த முட்டி வலி. டாக்டரு படி ஏறாதங்கிறாரு. கட சரக்கு மாடியில இருக்கு. எங்க போயி முட்டிக்கிறது?”

“அப்புறம்…”

இன்னும் சொல்ல வாயெடுத்தவர் நின்றார். மடியில் அசையாமல் கிடந்த வலது கையைப் பார்த்தார். கோணிய உதட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கடைக்காரர் ஜன்னல் வழியாக அவர் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, “என்ன வேணும்னு சொல்லுங்கம்மா” என்றார்.

அவள் சொன்னாள். அவர் வழக்கமாக வாங்குகிற சரக்கு இப்போது வருவதில்லை. கடைக்காரர் மூன்று கேன்களை எடுத்து வந்து வண்டியின் மூக்கில் வரிசையாக வைத்தார். ஒன்றில் ஜி.எல். 5. இன்னொன்றில் நாலு, அஞ்சு ரெண்டுக்கும் ஆகும் என்று எழுதியிருந்தது. மூன்றாவது நாலு மட்டும். கையேட்டில் இருந்த அதே எழுபத்தைந்து-எண்பது.

“இப்ப எல்லாரும் இந்த அஞ்சத்தான் கேக்குறாங்க. அஞ்சு நாலுக்கு மேலதானேன்னு. நானும் கொடுத்துடுறேன்” என்றார் கடைக்காரர்.

“மேலன்னா, புத்தகத்துல ஏன் நாலுன்னு போட்டிருக்கான்?” என்றாள் அவள்.

“படிப்பு மாதிரி இல்லம்மா இது, நாலு பாஸ் பண்ணி அஞ்சுக்குப் போக. அஞ்சு பின் சக்கர அச்சுக்கு. அங்க பல்லு மேல பல்லு அழுத்தும், தாங்குறதுக்கு மருந்து நிறைய போட்டிருப்பான். உங்க கியர் பாக்ஸ் உள்ள பித்தள வளையம் இருக்கு. கியர் மாத்தும்போது அதுதான் கொஞ்சம் உரசிப் பிடிச்சு, ரெண்டு பல்சக்கரத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். ரொம்ப வழுக்கினா எங்க பிடிக்கும்? அந்த மருந்து வேற பித்தளையத் தின்னுடும்.” ரெண்டும் போட்ட கேனைத் தூக்கினார். “இதப் பத்தி எனக்கே சரியாத் தெரியாது. சார் சொல்லட்டும்.”

கேன்களை ஒவ்வொன்றாக ஜன்னலருகே காட்டினார்கள். முதல் கேனுக்குக் கோல் இரண்டு தட்டியது. ரெண்டும் போட்ட கேனுக்கு அவர் யோசித்தார். பிறகு இரண்டு தட்டு. மூன்றாவதை மடியில் வாங்கிக்கொண்டு, கேனின் லேபிளில் எழுதியிருந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார். கோலை விட்டுவிட்டு நான்கு விரலை உயர்த்திக் காட்டினார். இன்னொன்றும் வாங்கச் சொல்லிச் சைகை செய்தார். பெட்டி நிரம்ப ஒரு கேன் போதாது.

விடுமுறை நாளில் ஆலையின் தளம் வெறிச்சென்று இருந்தது. எண்ணெய் இளகட்டும் என்று கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள். அவரைப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். மேல் பிளக்கை முதலில் எடுத்தாள், பிறகு கீழே இருந்ததை. கறுப்பு எண்ணெய் கயிறு மாதிரி கீழே வைத்த தட்டில் இறங்கியது. பிளக்கின் காந்த நுனியில் இரும்புத் தூள் சாம்பல் மயிராக ஒட்டியிருந்தது. தட்டில் தேங்கியதன் மேல் பொன் படலம் மெதுவாகச் சுழன்றது.

அந்த நேரத்தில் கொழுந்தன் வந்தான். வண்டியை வாங்க ஆள் கிடைத்திருக்கிறது என்று சொல்ல வந்தவன், வீட்டில் யாரும் இல்லாமல் இங்கே தேடி வந்திருந்தான். தட்டைப் பார்த்தான், காலியான வண்டியின் வயிற்றைப் பார்த்தான், புதுக் கேன்களைப் பார்த்தான்.

“என்ன அண்ணி, போன தடவ மாத்தினதுதானே இது? நல்ல ஆயிலாச்சே…”

அவன் குனிந்து தட்டில் விரலை நனைத்தான். விரல் மின்னியது. கண்ணாடி வேலைக்காரனுக்குத் துகள் என்றால் என்ன என்று தெரியும்.

“நானா?” என்றான்.

அண்ணன் கோலை ஓங்கினார். அவள் அடியிலிருந்து, “என்னங்க!” என்று அலறினாள். தம்பி நகரவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

“இருக்கிறதுலேயே நல்லதப் போடுங்கன்னு சொன்னேண்ணே. நீ உள்ள குழாயும் கையுமாக் கிடந்த. டாக்டருகிட்ட எனக்குக் கேக்கத் தெரியல. ஏதாவது செய்யணுமே, என்ன செய்யிறதுன்னு தெரியாம வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். நாலு வேணுமா அஞ்சு வேணுமான்னாங்க. பெருசாப் போடுங்கன்னேன்.” அவன் வாய் கோணியது. “அண்ணியால கெட்டுச்சுன்னு நெனச்சேனே…”

ஓங்கிய கோல் மெல்ல இறங்கி, புதுக் கேனின் தலையில் தட்டியது. ஒரு தட்டு.

“என்னண்ணே?”

“ஊத்தச் சொல்றாரு தம்பி” என்றாள் அவள், அடியிலிருந்து. “மூடியத் தொறங்க. மேல புனல் வெச்சுக் குழாய் விட்டிருக்கேன். கீழ் பிளக்கைத் துடைச்சு மாட்டிட்டேன். நான் இங்க ஓட்டையில விரல் வெச்சிருக்கேன். மெதுவா.”

அவன் ஊற்றினான். முதலில் கொஞ்சம் பக்கத்தில் வழிந்தது. டக், டக் என்றது கோல். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிதானப்பட்டான். புது எண்ணெய் தேன் நிறத்தில், நூல் அறாமல் இறங்கியது. அடியில் அவள் காத்திருந்தாள். முதலில் விரலுக்கு ஒன்றும் எட்டவில்லை. பிறகு நுனி குளிர்ந்தது. பிறகு விளிம்பில் தளும்பி, அவள் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது.

“போதும்!”

“அப்புறம்” என்றார் அவர். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை.

தின்ற பித்தளை திரும்பி வராது. குளிரான காலையில் இரண்டாவது கியர் இன்னமும் லேசாக முனகும். ஒரு மூச்சு நிறுத்தித் தள்ளினால் விழுந்துவிடும். மேட்டு வளைவில் சத்தம் நின்றுபோனது. வாங்க வந்த ஆளைக் கொழுந்தனே திருப்பி அனுப்பிவிட்டான். விடுமுறை நாட்களில் வந்து, கேட்காமலே வண்டியைக் கழுவிவிட்டுப் போனான். அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி மறுபடி பேசிக்கொள்ளவில்லை. பேச ஒருவரிடம் சொல்லும் இல்லை, இன்னொருவரிடம் தைரியமும் இல்லை.

அவருக்குப் பேச்சு பெரிதாகத் திரும்பவில்லை. ஆனால் பயிற்சி இல்லாத நாட்களில் வண்டியில் அவளோடு வர ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் துணி எடுக்கிறவர்கள் வணக்கம் சொல்வார்கள். இடது கையைத் தூக்குவார். வேறு யார் ஓட்டினாலும் கண்ணைச் சாலையை விட்டு எடுக்காதவர் அவர். பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து மனசுக்குள் பிரேக் போடுகிறவர்.

ஒரு மத்தியானம் வெள்ளை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவள் மேட்டில் இரண்டாவது கியருக்கு இறக்கினாள். ஒரு தட்டாவது வருமென்று காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது; வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் கால் பிரேக்கைத் தொட்டது. பிறகு குறட்டை கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூட்டை இறக்க வந்தவர், “சார எழுப்பட்டுமாம்மா? நெழல்ல உக்காருவாரு” என்றார்.

“வேணாம்” என்றாள் அவள். இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.